உப்பில்லாப் பங்குனி

மார்ச் 9

இவருக்கு ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்ததிலிருந்து தினமும் எடை பார்க்கிறேன். காலை எடை 71.4 கிலோ. நேற்றைவிட 900 கிராம் கூடுதல். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கிறது. நீர் பிரிய வைக்கும் மாத்திரைகள்: ஸ்பைரோனோலாக்டோன் 100, பூரோசமைடு 40. மாற்றம் இல்லை. கால் வீக்கம் இருக்கும்வரை நாளுக்கு ஒரு கிலோ குறையலாம், வீக்கம் வடிந்தபின் அரைக் கிலோவுக்கு மேல் கூடாது என்றார் டாக்டர். இங்கே குறைந்தால்தானே!

மார்ச் 11

கோவிலிலும் அதே கேள்வி. "குடிப்பாரா?" வாழ்நாளில் ஒரு சொட்டுக் கள் தொடாத மனிதர். ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் என்று சொன்னால் இன்னும் மோசம். மறுவாரமே தண்ணீர்க் குவளையைத் தனியாக எடுத்து வைக்கிறார்கள். சேர்ந்து உண்டால் தொற்றாது. தொட்டால் தொற்றாது. இரத்தம், உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு. சவரக் கத்தியும் பல் பிரஷும் மட்டும் தனியாக இருக்க வேண்டும். எத்தனை பேருக்குத்தான் சொல்வது.

மார்ச் 12

பிரசவத்தில் தாயிடமிருந்து. நேற்று அதை எழுதிய பிறகு தூக்கம் வரவில்லை. அடுத்த அறையில் அத்தை, இவரைப் பெற்றவர், இருமிக்கொண்டிருந்தார்.

மார்ச் 17

நீர் எடுத்தார்கள். இடப்பக்கம் அடிவயிற்றில் மரப்பு ஊசி, பிறகு குழாய். வைக்கோல் நிறத்தில் பாட்டில் பாட்டிலாக இறங்கியது, 6 லிட்டர். 5 லிட்டருக்கு மேல் போனால் அல்புமின் என்ற இரத்தப் புரதம் ஏற்றியாக வேண்டும், லிட்டருக்கு 8 கிராம் கணக்கு. ஒரு பாட்டிலில் 20 கிராம்தான். மூன்று பாட்டில் வாங்க மகள் கடை கடையாக ஏறி இறங்கினாள். கொஞ்சம் நீரைச் சோதனைக்கு அனுப்பினார்கள்; நியூட்ரோபில் என்ற வெள்ளை அணு 250ஐத் தாண்டினால் வயிற்றுக்குள் கிருமி என்று அர்த்தமாம். அந்தத் தாள் வரும்வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை. 250க்கு வெகு கீழே. முனீஸ்வரா.

படுக்கையில் இருந்தபடியே அவர் ரங்கூன் பயின்னவுங் சந்தையில் உளுந்து விலை என்ன என்று கேட்டார்.

மார்ச் 18

67.1.

மார்ச் 23

உப்பு. காலையில் எழுந்ததும் அதுதான் நினைப்பு. எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். ஙப்பி என்ற மீன் விழுது, கருவாடு, அப்பளம், ஊறுகாய் எல்லாம் அலமாரியை விட்டுப் போயாயிற்று. பர்மிய மீன் நூடுல்ஸான மொஹிங்காவுக்கு ஏங்குகிறார், அந்தக் குழம்பில் மீன் சாறு சேராமல் எப்படி? புளியும் எலுமிச்சையும் மிளகும் வைத்து நானே ஒன்று செய்தேன். பாதிக் கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, "நன்றாக இருக்கிறது" என்றார். எனக்காகச் சொன்னது.

தஞ்சாவூரிலிருந்து நாத்தனார் இந்துப்பு அனுப்பியிருக்கிறார். அதுவும் சோடியம்தான் என்று அவருக்கு எப்படிச் சொல்ல? கூடவே கீழாநெல்லிப் பொடி. அதை நம்பி வைரஸை அடக்கும் மாத்திரை டெனோபோவிர் ஒரு நாளும் நிற்கக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வைரஸ் பொங்கி எழுந்து ஈரலையே கவிழ்த்துவிடும். பொடியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன்.

மார்ச் 26

மோல்மேனில் இருக்கும் கொழுந்தனாருக்குப் பேசினேன். "எனக்கு ஒன்றும் இல்லை அண்ணி. நன்றாகப் பசிக்கிறது, தூக்கம் வருகிறது." இவருக்கும் வயிறு வீங்கும்வரை நன்றாகப் பசித்தது, தூக்கம் வந்தது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அத்தை கூடத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 2

நேற்று இரவு மூன்று மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினார். பகலெல்லாம் தூங்கியபோதே நான் கவனித்தேன். இரண்டு நாளாக மலம் போகவில்லை; ஈரல் வடிக்காத நஞ்சு மூளைக்கு ஏறியிருக்கிறதோ என்று பயம். கைகளை முன்னே நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னேன். விரல்கள் படபடவென்று விழுந்து விழுந்து எழுந்தன. ஐந்து முனை நட்சத்திரம் வரையச் சொன்னேன். முப்பது வருடம் கணக்கு எழுதிய கை. கோடுகள் சேரவில்லை. மூன்றாவது முனையில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், அடுத்து எங்கே போவது என்று.

டாக்டரைப் போனில் பிடித்து, அவர் சொன்னபடி லாக்டுலோஸ், மலம் இளக்கும் பாகு. காலையில் இரண்டு முறை போன பிறகு என் பெயரைச் சொன்னார். நாளுக்கு இரண்டு மூன்று முறை இளகலாகப் போக வேண்டும், அதுதான் அளவு. தித்திப்பு என்று முகம் சுளித்தாலும் இனி விடமாட்டேன்.

ஏப்ரல் 3

நட்சத்திரம் சேர்ந்தது.

ஏப்ரல் 9

தண்ணீர்த் திருவிழாவுக்குக் கடைகள் மூடும் முன் மாதத்துக்கு வேண்டிய மருந்து வாங்கி வைத்தாயிற்று. பருப்பைக் குறை, மீனை நிறுத்து என்று ஆளாளுக்கு அறிவுரை. டாக்டர் நேர்மாறாகச் சொல்கிறார்: கிலோவுக்கு 1.2 கிராம் புரதமாவது வேண்டும், இரவு வெறும் வயிற்றில் படுக்கக் கூடாது, தசை கரைந்துவிடும். பத்து மணிக்கு உளுந்தங்கஞ்சி கொடுக்கிறேன். ஊருக்கெல்லாம் உளுந்து ஏற்றி அனுப்பியவர்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. தெருவில் தண்ணீர், பாட்டு, கூச்சல். வேப்பம்பூப் பச்சடியில் உப்புப் போடவில்லை. கரண்ட் இல்லை.

ஏப்ரல் 20

மகள் படித்துக்கொண்டிருந்தாள். புளூம்பெர்க் என்ற விஞ்ஞானி இந்த வைரஸின் தடயத்தைக் கண்டது 1965இல். அது காமாலையோடு சேர்ந்தது என்று புரிய இன்னும் இரண்டு வருடம். முதல் தடுப்பூசி 1981. இப்போது பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு ஊசி போட்டுத் தடுக்கிறார்கள். பிறக்கும்போதே தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு உடம்பிலேயே தங்கிவிடும்.

இவர் பிறந்தது 1964.

கதவருகில் அத்தை நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

ஏப்ரல் 21

"என்னிடமிருந்தா வந்தது?" என்று கேட்டார். இருக்கலாம் அத்தை, ஆனால் அன்றைக்கு இப்படி ஒன்று உண்டு என்று எந்த ஊர் டாக்டருக்கும் தெரியாது என்றேன். உண்மை அதுதான், அதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் அழவில்லை. போனை எடுத்துத் தரச் சொன்னார். "டேய், நாளைக்கே வண்டி ஏறு. நானும் இரத்தம் கொடுக்கப் போகிறேன்." வைத்துவிட்டார்.

ஒரு மாதமாக நான் சொல்லத் தயங்கியதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 24

எண்டோஸ்கோப்பி. உணவுக்குழாயில் புடைத்திருந்த இரத்த நாளங்களுக்கு வளையம் போட்டாயிற்று. இரண்டு நாள் கஞ்சி ஆறவைத்துத்தான்.

ஏப்ரல் 27

65.8. கால் வீக்கம் வடிந்திருக்கிறது.

கொழுந்தனாருக்கும் அத்தைக்கும் பாசிட்டிவ். கொழுந்தனாருக்கு ஸ்கேனில் ஈரல் சுருங்கவில்லை, நீர் இல்லை. வைரஸ் அளவு வந்தபின் மாத்திரை வேண்டுமா என்று சொல்வார்கள். எப்படியும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன், புற்று வருகிறதா என்று பார்க்க. அத்தையின் ஸ்கேன் திங்கட்கிழமை. மோல்மேன் பிள்ளைகள் மூவரையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்; பெரியவளுக்கு இது ஏழாவது மாதம், அவள் முதலில்.