காங்கோவுக்குப் புறப்படும் முன் பட்ட பாடு

"சவுதி, குவைத் எல்லாம் கண்ணில் படவில்லையா மக்களே?" என்றுதான் அம்மா கேட்டாள். குமரிக் கடற்கரையில் இருக்கும் எங்கள் மணவாளக்குறிச்சியில் செவிலியர் வேறு எங்கே போவார்கள்?

காங்கோவில் செவிலியராக வேலை பார்க்க மருத்துவ உதவி நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பித்து விமானம் ஏற ஏழு மாதம் ஆனது. அதில் மூன்று மாதத்தைத் தின்றது என் இனிஷியல். நர்சிங் கவுன்சில் சான்றிதழில் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர். இரண்டும் நானே என்று நோட்டரியிடம் எழுதி வாங்கிய பிரமாணப் பத்திரத்தை ஓர் அலுவலகம் ஏற்றது, அடுத்தது திருப்பியனுப்பியது. போக நினைப்பவர்கள் முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள், காங்கோவின் ஆட்சிமொழியான பிரெஞ்சைப் பிறகு படிக்கலாம்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைத் தூத்துக்குடித் துறைமுக சுகாதார அலுவலகத்தில் போட்டுக்கொண்டேன். மருந்தைக் கரைத்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும், அதனால் நாள் குறித்து, ஆள் சேர்த்துத்தான் போடுகிறார்கள். ஊசி போட்டதற்குத் தரும் அட்டை பத்து நாள் கழிந்த பிறகே செல்லும். அவசரப்பட்டு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

நேர்காணல்தான் வியர்க்க வைத்தது. காயம்பட்ட ஆயுதக்காரனும் ஒரு குழந்தையும் ஒன்றாக வந்தால் யாரை முதலில் பார்ப்பாய் என்றார் நேர்காணல் செய்த அம்மையார். யார் உயிர் முதலில் போகுமோ அவரை என்றேன். ஏன் காங்கோ என்றதும் எனக்கு வாய் திறந்துகொண்டது. அணுசக்திக்கு உதவும் தோரியம் உள்ள எங்கள் ஊர் மோனசைட் மணலில் விளையாடி வளர்ந்தவள் நான். மண்ணுக்கு விலை வந்தால் அதன்மேல் குடியிருப்பவர்கள் படும் பாடு கொஞ்சம் தெரியும். கைபேசிக்குள் போகும் டான்டலம் என்ற உலோகம், அது கிடைக்கும் கோல்டான் என்ற தாது, 2024 ஏப்ரலில் எம்23 என்ற கிளர்ச்சிப் படை பிடித்த கிழக்கு காங்கோவின் ருபாயா சுரங்கம் என்று அடுக்கினேன்.

"இதில் ஒரு சொல்லைக்கூட அங்கே சோதனைச்சாவடியில் பேசக்கூடாது" என்றார். படம் எடுக்க மாட்டேன், சுரங்கம் பற்றியோ படைகள் பற்றியோ வெளியே எழுத மாட்டேன் என்று ஒரு படிவமும் வந்தது. வாயைக் கட்டிக்கொள்ளவா இத்தனை அலைச்சல்? இரண்டு நாள் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தேன்.

பயிற்சியில்தான் விளங்கியது. நோயாளியின் வயது, ஊர், தேதி, குண்டுக்காயமா வெட்டுக்காயமா என்று வார்டு பதிவேட்டில் எழுத வேண்டும், பெயர் வெளியே போகாது. அந்தக் கணக்கை வைத்துத்தான் தலைமையகம் அரசுகளிடம் வாதாடுகிறது. நானே ஊடகத்தில் பேசினால் மறுநாள் ஆயுதக்காரர்கள் ஆம்புலன்ஸை மறிப்பார்கள், பதிவேடும் நின்றுபோகும். கையெழுத்துப் போட்டேன்.

ஊசிக்குப் பதினான்காம் நாள் திருவனந்தபுரத்தில் விமானம். அம்மா வைத்த கருப்பட்டியாலும் நல்லமிளகாலும் பெட்டியின் எடை கூடிவிட்டது. பிரெஞ்சு அகராதியை எடுத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனேன்.