தில்லையில் எந்த ஆகாயம்?

தில்லை எனப்படும் சிதம்பரம் ஐம்பூதத் தலங்களில் ஆகாயத் தலம் என்று படித்துவிட்டு, நடராசர் சன்னதியான சித்சபையின் வெற்றிடத்தில் இயற்பியலைத் தேடி வருகிறவர்கள் இப்போது அதிகம். வரட்டும். எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து வந்தால் நல்லது.

நடை காலை ஆறு முதல் பன்னிரண்டு வரை, மாலை ஐந்து முதல் இரவு பத்து வரை. நாளுக்கு ஆறு கால பூசை. பத்து மணிக்கு முன்பே உள்ளே போய்விட்டால் இரண்டாம் காலத்தில் ரத்தினசபாபதியைத் தரிசிக்கலாம். மாணிக்கத்தால் ஆன நடராசர் திருமேனி இது; அபிஷேகம் முடிந்ததும் முன்னும் பின்னும் தீபம் காட்டுவார்கள். பின்னாலிருந்து வரும் ஒளி ஊடுருவிச் சிவக்கும் அந்தக் கணத்துக்காகத்தான் கூட்டம். சித்சபைக்கு முன்னுள்ள கனகசபை ஏறும் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும்.

சிதம்பர ரகசியம் எனப்படும் அந்த வெற்றிடம், திரைக்குப் பின்னே, நடராசருக்கு வலப்புறம். அவர் தெற்கு நோக்கி ஆடுகிறார். எதிரே நிற்கும் நமக்கு அது இடக்கைப் பக்கம். பலரும் நடராசரையே பார்த்து நின்று, திரை விலகும் சில நொடிகளைக் கோட்டைவிடுகிறார்கள். திரைக்கு வெளிப்பக்கம் கறுப்பு, உட்பக்கம் சிவப்பு: அறியாமையும் ஞானமும். விலகினால் தெரிவது தொங்கும் பொன் வில்வ மாலைகள்தான், உருவம் எதுவும் இல்லை. ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரைத் தேர்களில் மூலவரே வெளியே எழுந்தருளிவிடுவார். நிதானமாகச் சபையைப் பார்க்க அந்த நாட்கள் ஒத்துவராது.

இனி அந்த வெற்றிடம். 'பெருவெடிப்புக்கு முந்தைய சூனியம் இதுதான்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சைவ சித்தாந்தக் கணக்கில், உலகின் அடிப்படைக் கூறுகளான தத்துவங்கள் 36. சிவத்திலிருந்து இறங்கி எண்ணினால் பூத ஆகாயம் 32ஆவது. அதற்குக் கீழே காற்று, தீ, நீர், மண் மட்டுமே. சித் அம்பரம் என்ற பெயர் சொல்வது அறிவு வெளியை, அதாவது 36க்கும் அப்பாற்பட்டதை. ஆக, திரைக்குப் பின்னால் இருப்பதை இயற்பியலின் வெற்றிடமாக்கினால் தலத்தை உயர்த்தவில்லை, பல படி இறக்குகிறோம்.

தோற்றம் பற்றிச் சைவம் என்ன சொல்கிறது என்பதற்கு நடராசர் திருமேனியே போதும். உடுக்கை படைப்பு, அபய கரம் காப்பு, தீ அழிப்பு, ஊன்றிய பாதம் மறைப்பு, தூக்கிய திருவடி அருள். சூனியத்திலிருந்து உலகம் முளைத்ததாகச் சித்தாந்தம் சொல்வதில்லை. உலகின் மூலப்பொருளான மாயையில் ஒடுங்கியது மீண்டும் விரிகிறது, ஆன்மாக்களைப் பிணிக்கும் மலம் நீங்க. பெருவெடிப்புக் கொள்கையோ சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் மிக அடர்ந்து, மிகச் சூடாக இருந்த பிரபஞ்சம் விரிந்து குளிர்ந்த விதத்தைச் சொல்கிறது. அதற்கு முன் என்ன என்பதில் அறிவியலுக்கு இன்னும் முடிந்த விடையில்லை. எதற்காக என்பது அதன் கேள்வியே இல்லை.

புராணக் கணக்கில் பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துத் துள்ளுகிறவர்கள் பிரம்மாவின் ஆயுளையும் கணக்கில் எடுக்க வேண்டும்: 31,104 ஆயிரம் கோடி ஆண்டு. எதனோடு பொருத்துவது?

திருவாசகத்தின் திருவண்டப்பகுதியை அறிவியலாக வாசிப்பதிலும் இதே தவறு. நூற்றொரு கோடிக்கு மேல் விரிந்த அண்டங்கள், வீட்டுக்குள் நுழையும் வெயில் கீற்றில் மிதக்கும் தூசு போல என்கிறார் மாணிக்கவாசகர். அவர் அளப்பது அண்டத்தை அல்ல. அதையும் தூசாக்கிவிடும் இறைவனின் பெருமையை.

கோயில் பூமியின் காந்த மையத்தில் நிற்கிறது என்ற கதை வேறு சுற்றுகிறது. பூமியின் காந்த நடுக்கோடு கோயில் வழியே போகவில்லை. அது இன்னும் தெற்கே, இடமும் மாறிக்கொண்டிருக்கிறது. ஆனால் காளத்தி, காஞ்சி ஏகம்பம், தில்லை மூன்றும் ஒரே தீர்க்கரேகையை, 79.7 பாகையை, ஒட்டி இருப்பது நிஜம்; வேண்டுமானால் கைபேசியிலேயே சரிபார்க்கலாம். பொற்கூரை ஓடுகள் 21,600 என்பது மரபு. நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் ஒரு நாளுக்கு அதே எண்தான் வரும். இது மனித உடலுக்குப் பொருந்துகிற கணக்கு.

ஜெனிவாவின் செர்ன் ஆய்வுக்கூட வளாகத்தில் இரண்டு மீட்டர் உயர நடராசர் இருக்கிறார். 2004 ஜூன் 18 அன்று திறக்கப்பட்ட அந்தச் சிலை இந்திய அரசின் அன்பளிப்பு, ஆய்வு முடிவு அல்ல. அங்கே அவருக்கு ஆறு கால பூசை கிடையாது. தில்லையில் இரவு அர்த்தசாம மணி அடிக்கும்போது கனகசபை எதிரே இடம் கிடைத்தால், இடப்பக்கத் திரையில் கண் வைத்து நில்லுங்கள்.