54ஆம் கேள்வி

ஜூலை 18
விடாத மழை. ஒன்ச்சோன்ச்சோன் ஓடையோர நடைபாதையை அடைத்துவிட்டார்கள். பூசான் முழுக்க ஈரத்துணி வாசனை.

ஜூலை 19
எழுதி முடித்த டோபிக்கில் (கொரிய மொழித் தகுதித் தேர்வு) எத்தனை வரும் என்று மறுபடி கணக்குப் போட்டேன். கேட்டலும் வாசிப்பும் சேர்ந்தால் 90க்குக் குறையாது. மூன்றாம் நிலைக்கு 120 வேண்டும். மீதி 30 எழுதும் பகுதியில் வந்தாக வேண்டும். அந்தப் பகுதிக்கு மொத்தம் 100, அதில் பாதி அந்த 54ஆம் கேள்விக்கு, கட்டுரைக்கு. 600 முதல் 700 எழுத்துகள், கட்டம் போட்ட தாளில். சொற்களுக்கு நடுவே விடும் இடைவெளியும் ஒரு கட்டத்தைத் தின்னும். நான்கு கேள்விக்கும் சேர்த்து 50 நிமிடம். தமிழிலேயே இந்த வேகத்தில் நான் கட்டுரை எழுதியதில்லை. கட்டங்கள் நிரம்பின. நிரம்பியதற்கு எத்தனை மார்க் தருவார்கள்?

ஜூலை 22
"ரிசல்ட் வந்துடுச்சா?" அம்மா. ஆகஸ்ட்டில்தான்மா என்றேன். நேற்றும் அதையேதான் சொன்னேன்.

ஜூலை 25
ஜுங்பொக், கொரியக் கோடையின் மூன்று உச்ச வெயில் நாட்களில் இரண்டாவது. விடுதிக் கேன்டீனில் கொதிக்கக் கொதிக்க சம்கேதாங். இந்த வெக்கையில் ஜின்செங் போட்ட கோழிச்சாறு எதற்கு என்று கேட்டால், வெக்கைக்குத்தான் என்கிறார்கள். சரி. வேர்த்து ஊற்றச் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 29
பான்சான் (தொடுகறி) கடைப் பாட்டி இன்று நிறையப் பேசினார். தேர்வில் ஒலிப்பது அறிவிப்பாளர் குரல், சுத்தமான சியோல் பேச்சு. 21ஆம் கேள்வியிலிருந்து எல்லாவற்றையும் இரண்டு முறை போடுவார்கள். பாட்டி ஒரு முறைதான் சொல்வார், அதுவும் பூசான் பேச்சில், பெரில்லா இலை ஊறலை டப்பாவில் அமுக்கிக்கொண்டே, முதுகைக் காட்டி. வந்த புதிதில் அவர் திட்டுகிறார் என்றே நினைத்திருந்தேன். இன்று பெரும்பாலும் புரிந்தது. இதற்கு யாரும் மார்க் போடப்போவதில்லை.

பட்டப்படிப்புக்குச் செப்டம்பரில் சியோல் போகிறாயா என்று கேட்டார். கொரியனிலும் நம்மைப்போல வினை கடைசியில்தான் வரும். "செப்டம்பரில் சியோலுக்கு நான்..." வரை தாராளமாகச் சொல்லிவிட்டேன். அதற்குள் வேறு ஆள் முள்ளங்கிக் கிம்ச்சி கேட்டு வந்துவிட்டார், நல்லவேளை.

ஆகஸ்ட் 1
இரவெல்லாம் சிள்வண்டு. கடைசிப் பத்தியை நினைவிலிருந்து எழுதிப் பார்க்க உட்கார்ந்தேன். வேண்டாம்.

ஆகஸ்ட் 6
மூன்றாம் நிலை இல்லாமல் பட்டப்படிப்பு தொடங்காது, உதவித்தொகையும் தொடராது. தெரிந்ததுதான், ஆனாலும் அலுவலக மின்னஞ்சலில் வரும்போது வேறு மாதிரி இருக்கிறது. ஆசிரியை, எல்லாம் நல்லபடியாக முடியும் என்றார். எல்லாரிடமும் அதையேதான் சொல்கிறார்.

அறைத்தோழி ஏப்ரல் தேர்விலேயே நான்காம் நிலை வாங்கிவிட்டாள். தேஜோனில் கிடைக்கப்போகும் அறைக்கு இப்போதே திரைச்சீலை தேடுகிறாள், நிறம் எது என்று என்னைக் கேட்கிறாள். தாஷ்கண்டிலிருந்து வந்த உலர்பழத்தில் பாதியை என் மேசையில் வைத்திருக்கிறாள். கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி!

மஞ்சள் என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 10
பார்க்கவில்லை. (இரண்டு தடவை பார்த்தேன்.)

ஆகஸ்ட் 15
பால்கனிகளில் கொடி. இவர்களுக்கு 1945, நமக்கு 1947, தேதி ஒன்றே. அரசு விடுமுறை, ஆகவே இன்று ரிசல்ட் வர வழியே இல்லை. மதியம் வரை தூங்கினேன்.

ஆகஸ்ட் 19
மாதக் கடைசிக்குள் விடுதியைக் காலி செய்ய வேண்டும். பெட்டி கட்டலாம், மேலே என்ன முகவரி எழுதுவது? தடிக் கோட்டைச் சென்னைக்கு எடுத்துப் போவது பைத்தியக்காரத்தனம், சியோலுக்கு எடுத்துப் போகாமல் இருப்பதும் அப்படித்தான். அதைத் தனியாக நாற்காலி மேல் போட்டிருக்கிறேன். ரைஸ் குக்கரை விற்பதாக இருந்தால் தனக்குத் தரச் சொல்கிறாள் அறைத்தோழி. வியாழக்கிழமை சொல்கிறேன் என்றேன். வியாழன் என்று ஏன் சொன்னேனோ.