ஆபீசுக்கு வந்த கிராண்ட் ஜூரி சப்பீனா: பட்டுத் தெரிந்துகொண்டவை

கடைசி ஹார்ட் டிரைவையும் ஒப்படைத்து ரசீது வாங்கியாயிற்று. எரிச்சல் மட்டும் அடங்கவில்லை. அந்தச் சூட்டோடு எழுதிவிடுகிறேன். அமெரிக்காவில் சின்னதாகக் கம்பெனி நடத்துகிறவர்களுக்கும், என்னைப் போல அங்கே கணக்கு வழக்கு முழுவதையும் கட்டி மேய்க்கிறவர்களுக்கும் உதவலாம்.

எங்களுடையது மருத்துவ பில்லிங் நிறுவனம். நாங்கள் பில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு கிளினிக் மேல் ஃபெடரல் விசாரணை. அதில் எங்களுக்கும் ஒரு கிராண்ட் ஜூரி சப்பீனா. அதாவது, ஒருவர் மேல் குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவின் பெயரில், ஆவணங்களைக் கொடு என்று வரும் கட்டாய உத்தரவு. இரண்டு ஏஜென்ட்டுகள் நேரில் வந்து கொடுத்தார்கள். கொடுத்த கையோடு, "சும்மா ரெண்டே கேள்விதான்" என்று ஆரம்பித்தார்கள். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். காகிதத்தை வாங்கிக்கொண்டால் போதும், அங்கேயே பேசித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பேசப்போய், தெரிந்தே பொய் சொன்னதாகப் பிறகு நிரூபித்துவிட்டால் ஃபெடரல் குற்றச் சட்டத்தின் 1001-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. சத்தியப் பிரமாணம் எடுத்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. எங்கள் ரிசப்ஷனில் இருந்த பெண், "எங்க லாயர் உங்களைக் கூப்பிடுவார்" என்று ஒரே வரியில் முடித்து அனுப்பிவிட்டார். அவர் கெட்டிக்காரர்.

ஓனருக்குக் காகிதத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. மேலே மாவட்ட நீதிமன்றத்தின் பெயர், கீழே முத்திரை. "ஜட்ஜே கையெழுத்துப் போட்டிருக்காரேப்பா" என்றார். ஜட்ஜ் அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஃபெடரல் கிரிமினல் விதி 17-இன்படி நீதிமன்ற கிளார்க் கையெழுத்தும் முத்திரையும் போட்டு வெற்றுப் படிவமாகவே கொடுத்துவிடுவார். யாருக்கு, எந்தத் தேதிக்கு, என்னென்ன வேண்டும் என்பதையெல்லாம் அரசு வழக்கறிஞர் தரப்பு நிரப்பிக்கொள்ளும். 16 முதல் 23 பேர் உட்காரும் கிராண்ட் ஜூரி கேட்பதாகத்தான் வாசகம் இருக்கும். இப்படி ஒன்று போயிருப்பது அந்த ஜூரர்களுக்கே தெரியாமல்கூட இருக்கலாம். சர்ச் வாரன்ட் வாங்கவாவது ஒரு நீதிபதியிடம் முகாந்திரம் காட்ட வேண்டும். இதற்கு அதுவும் வேண்டாம்.

கேட்கவே வயிற்றைக் கலக்குகிறது இல்லையா? ஆனால் நிரப்பியவர் வழக்கறிஞர் என்றால், குறைக்கக்கூடியவரும் அவர்தான். படிவத்திலேயே அவர் பெயரும் போன் நம்பரும் இருக்கின்றன. இது புரிந்திருந்தால் எங்களுக்குப் பாதித் தலைவலி மிச்சமாகியிருக்கும்.

ஓனர் நேராக அவருடைய வழக்கமான லாயரிடம் போனார். கடை வாடகை ஒப்பந்தம், பார்ட்னர் தகராறு எல்லாம் பார்ப்பவர், நல்ல மனிதர். சிவில் வழக்கில் எழுதுகிற மாதிரி, 'கேட்டிருப்பது அளவுக்கு மீறியது, தெளிவில்லாதது, பெருஞ்சுமை' என்று பக்கம் பக்கமாக ஆட்சேபம் எழுதி அனுப்பினார். பதிலாக ஒரு வரி வந்தது: குறித்த தேதியில் ஆஜராகவும். கிராண்ட் ஜூரி சப்பீனாவுக்கு ஆட்சேபக் கடிதம் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. ஒன்று ஒத்துழைக்க வேண்டும், இல்லையென்றால் ரத்துசெய்யக் கேட்டு கோர்ட்டுக்குப் போக வேண்டும். கோர்ட்டிலும் காற்று நம் பக்கம் வீசாது. ஆர். எண்டர்பிரைசஸ் வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, கிராண்ட் ஜூரி கேட்பது நியாயமானது என்ற அனுமானத்தோடுதான் தொடங்குவார்கள். கேட்டதில் விசாரணைக்குப் பயன்படும் எதுவும் கிடைக்க வாய்ப்பே இல்லை என்று நாம்தான் காட்ட வேண்டும். கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டால் நீதிமன்ற அவமதிப்பு. அதில் ஜூரியின் பதவிக்காலம் முடியும் வரை, அதிகபட்சம் 18 மாதம், உள்ளே வைக்கலாம்.

அடுத்து வந்த லாயர் முன்பு அரசுத் தரப்பிலேயே வேலை பார்த்தவர். மணிக்கு அவர் வாங்கும் தொகையைக் கேட்டு ஓனர் இரண்டாவது முறை வெளுத்தார். ஆனால் அவர் போட்ட ஒரு போன் அத்தனையையும் மாற்றிவிட்டது. முதலில் கேட்டது இதுதான்: "என் கட்சிக்காரர் சாட்சியா, சந்தேக வளையத்தில் இருப்பவரா, குறி வைக்கப்பட்டவரா?" நீதித்துறையின் கையேட்டிலேயே இந்த மூன்று நிலைகளும் உண்டு. "இப்போதைக்கு சாட்சி" என்று பதில் வந்தது. அந்த 'இப்போதைக்கு' ஓனர் தூக்கத்தைக் கெடுத்தது வேறு கதை. பிறகு, 'சகல ஆவணங்களும்' என்றிருந்தது அந்த ஒரு கிளினிக், அதன் பில்களைத் தொட்ட நான்கு பேரின் மெயில் பெட்டி, ஒப்புக்கொண்ட தேடல் சொற்கள் என்று சுருங்கியது. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாமல் தவணையாகக் கொடுக்கவும் சம்மதித்தார்கள். போனை வைத்ததும் அவர் செய்த முதல் வேலை, பேசியதை அப்படியே மெயிலில் எழுதி, 'நாம் பேசியது இதுதானே' என்று எதிர்த்தரப்புக்கு அனுப்பியது. அதை மறக்காதீர்கள். காரணம் கீழே வருகிறது.

பேரம் பேசவே முடியாத விஷயம் ஒன்று உண்டு: அழிப்பது. சப்பீனா கைக்கு வந்த நிமிடத்திலிருந்து எதுவும் அழியக்கூடாது. விசாரணைக்கு இடைஞ்சல் செய்யும் நோக்கத்தோடு ஆவணத்தை அழித்தால் 1519-ஆம் பிரிவில் 20 ஆண்டு வரை. 2002-இல் கொண்டுவந்த சட்டம். எங்கள் மெயில் 90 நாளில் தானாக அழியும்படி வைத்திருந்தோம். ஐ.டி. பார்க்கும் வெளிநிறுவனத்திடம் அன்றைக்கே டிக்கெட் போட்டு நிறுத்தச் சொன்னேன். மறுநாள் 'தீர்க்கப்பட்டது' என்று பச்சை டிக் போட்டு மூடிவிட்டார்கள். எனக்கென்னவோ மனசு கேட்கவில்லை. பழைய மெயில் ஒன்றைக் குறித்துவைத்து, அடுத்த நாள் காலையில் தேடினால் ஆளைக் காணோம்! போன் போட்டால், "சார், பாலிசியை மாத்திட்டோம், அது புது மெயிலுக்குத்தான்" என்கிறார் அந்தத் தம்பி. நல்லவேளை, பேக்கப்பிலிருந்து மீட்க முடிந்தது. நடந்ததை லாயர் தேதியோடு எழுதிவைத்துக்கொண்டார். பச்சை டிக்கை நம்பாதீர்கள், திரையைக் காட்டச் சொல்லுங்கள். ஊழியர்களின் வாட்ஸப் குழுவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வேலை சம்பந்தமாக அதில் பேசியிருந்தால் அதுவும் ஆவணம்தான்.

இடையில் கிளினிக்கிலிருந்து போன். "எங்க பேஷன்ட் விவரத்தை எப்படிக் கொடுக்கலாம், ஹிப்பா தெரியுமா?" என்று ஒரே சத்தம். ஹிப்பா என்பது நோயாளி விவரங்களின் ரகசியம் காக்கும் சட்டம். அதன் விதிகளே கிராண்ட் ஜூரி சப்பீனாவுக்கு வழிவிடுகின்றன, நோயாளியின் கையெழுத்து தேவையில்லை. ஆனால் அதை நான் அவர்களிடம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. "லாயர்கிட்ட பேசிக்குங்க" என்று நம்பரைக் கொடுத்து வைத்துவிட்டேன். விசாரிக்கப்படுகிறவரோடு நீளமாகப் பேசுவது நமக்கு நல்லதில்லை. இன்னொன்று: சப்பீனாவோடு வந்த கடிதத்தில் 'இதை வெளியே சொல்ல வேண்டாம்' என்று கேட்டிருந்தார்கள். கிராண்ட் ஜூரி ரகசிய விதி சாட்சிகளைக் கட்டுப்படுத்தாது. அது வேண்டுகோள்தான். வங்கியில் வேலை என்றால் கணக்கு வேறு, அங்கே சட்டத் தடையே உண்டு. நாங்கள் வாயை மூடிக்கொண்டோம்.

அப்புறம் அந்தக் காணாமல்போன காகிதம். 'இணைப்பில் உள்ள தொழில்நுட்பக் குறிப்புகளின்படி கொடுக்கவும்' என்று கடிதத்தில் இருக்கிறது. இணைப்பு மட்டும் இல்லை. கேட்டு மெயில் போட்டோம், பதில் இல்லை. போன் போட்டால் குரல் பெட்டி. தேதி நெருங்கவே, பிடிஎஃப்-ஆக ஒவ்வொரு பக்கத்திலும் பேட்ஸ் நம்பர் (தொடர் எண்) போட்டுக் கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்து அரசு வழக்கறிஞர் ஆபீசின் பாராலீகல் (சட்ட உதவியாளர்) கூப்பிட்டு, "மெட்டாடேட்டா இல்லை, லோட் ஃபைல் இல்லை, எங்க சிஸ்டத்துல ஏறாது" என்றார். மெட்டாடேட்டா என்றால் ஃபைலை யார், எப்போது உருவாக்கினார்கள் போன்ற விவரம். லோட் ஃபைல் என்றால் அதையெல்லாம் அவர்கள் மென்பொருளில் ஏற்ற உதவும் பட்டியல். அந்த இணைப்பு? "அனுப்பியிருப்போமே!" அனுப்பவில்லை. மறுபடி முதலிலிருந்து, வெளியே ஒரு நிறுவனத்துக்குப் பணம் கட்டி. அரசு இதற்கெல்லாம் ஒரு சல்லிக்காசு தராது. நேரில் சாட்சி சொன்னால் நாளுக்கு 40 டாலரும் பயணப்படியும் உண்டு, அவ்வளவுதான்.

வீண் அலைச்சலுக்கு வருகிறேன். ஆவணத்தை அனுப்பினால் நேரில் வர வேண்டாம் என்று ஏஜென்ட் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். இந்த ஒன்றை மட்டும் யாரும் மெயிலில் உறுதி செய்யவில்லை. கடைசி நேரத்தில், 'சான்றிதழ் இல்லை, பதிவேடுகளின் பொறுப்பாளர் ஆஜராகவும்' என்று தகவல். பொறுப்பாளர் என்றால் நான்தான். விடியற்காலையில் கிளம்பிப் போனேன். கோர்ட் வாசலில் போனைப் பிடுங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள். மாடி நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே லாயர் வரக்கூடாது. கேள்விக்கு நடுவே வெளியே வந்து அவரிடம் கேட்டுக்கொள்ளலாம். அதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது ஒருவர் வந்து, இன்றைக்கு ஜூரி கூடவில்லை என்றார். போனும் கையில் இல்லாததால், விஷயம் தெரிந்த எங்கள் லாயராலும் எனக்குச் சொல்ல முடியவில்லை.

அவர்கள் கேட்டது ஒரே ஒரு பக்கம். 'இவை வழக்கமான தொழில் நடப்பில், அந்தந்தச் சமயத்தில் எழுதிவைத்த பதிவேடுகள்' என்று பொறுப்பாளர் கையெழுத்திடும் சான்று. சாட்சிய விதி 902(11)-இல் உள்ளது. முதல் தவணையோடேயே அதைக் கேட்டு வாங்கி, கையெழுத்துப் போட்டு இணைத்துவிடுங்கள். நான் அதைக் கொடுத்த பிறகு யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

உங்களுக்கு வருவது கிராண்ட் ஜூரி சப்பீனாவாகத்தான் இருக்கும் என்றில்லை. அரசை ஏமாற்றிப் பணம் பெறுவதற்கு எதிரான ஃபால்ஸ் கிளெய்ம்ஸ் சட்டத்தில் வரும் சிவில் விசாரணை நோட்டீஸ் என்றால் ஆவணத்தோடு எழுத்துக் கேள்விகளுக்கும் பதில் கேட்கலாம், வாக்குமூலத்துக்கும் கூப்பிடலாம். அதை எதிர்க்க 20 நாள், அல்லது குறித்த தேதி, எது முந்தியோ அதற்குள் கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஆகவே முதலில் தலைப்பைப் படியுங்கள்.

ஆவணத்தை அழிக்காமல் வைத்திருக்கும் உத்தரவை எப்போது நீக்கலாம் என்று லாயரிடம் கேட்டேன். அரசுத் தரப்பு எழுத்தில் சொல்லும் வரை கிடையாது என்றார். பழைய சர்வருக்கு மாத வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது.