ஜார்ஜ் டவுன் டிராம்: தெருமுனையில் திரும்பாத வண்டி

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுன் நகரின் பினாங்கு சாலையும் சூலியா தெருவும் சந்திக்கும் இடத்தில், தாருக்கு நடுவே பழைய டிராம் தண்டவாளம் ஒரு துண்டு இன்றும் கிடக்கிறது. மின்சார டிராம் 1906இல் வந்து 1936இல் நின்றது. அதன் இடத்தைப் பிடித்த டிராலிபஸ்ஸும் (மேல்கம்பி மின்சாரத்தில் ஓடும் பஸ்) 1961இல் போய்ச் சேர்ந்தது. இந்தத் துண்டைப் பார்க்கிற யாரும் கேட்பது ஒன்றுதான்: "அப்பவே ஓடிச்சே, இப்ப ஏன் ஓடாது?"

அரசியல் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 2013இல் மாநில அரசு ஏற்றுக்கொண்ட போக்குவரத்துப் பெருந்திட்டத்தில் டிராம் இருந்தது. 2015க்குப் பிறகு திட்டம் மாறியது. தீவின் தெற்கே விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸ் பக்கம் எல்ஆர்டி எனும் இலகு ரயில் என்றார்கள். டிராம் பழைய நகருக்குள் சுற்றும் அலங்காரமாகச் சுருங்கியது. பினாங்கு ஃபோரம் என்ற குடிமக்கள் அமைப்புகளின் கூட்டணி டிராமே போதும் என்று வாதாடிப் பார்த்தது. எல்ஆர்டி 2024இல் கூட்டரசின் (மத்திய அரசின்) கைக்குப் போய், 2025 ஜனவரியில் முத்தியாரா தடம் என்ற பெயரில் வேலையும் தொடங்கிவிட்டது. டிராம் காகிதத்திலேயே நிற்கிறது.

பணமில்லை, மனமில்லை என்று காரணம் சொல்வார்கள். பழைய நகரைப் பொறுத்தவரை முதல் எதிரி தெருமுனைதான். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பத்து மீட்டர் அகலமுள்ள இரண்டு தெருக்கள் செங்கோணத்தில் சந்திக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் நடுக்கோடுகளும் வெட்டும் புள்ளியிலிருந்து முனைக் கடைவீட்டின் மூலைத் தூண் 7.07 மீட்டர் தூரத்தில் இருக்கும். இன்றைய 30 மீட்டர் டிராம் சிரமமில்லாமல் திரும்ப 25 மீட்டர் ஆரம் வேண்டும். அந்த வளைவின் நடுப்பகுதி அதே புள்ளியிலிருந்து 10.4 மீட்டர் தள்ளி விழும். அதாவது தண்டவாளம் கடைக்குள் 3.3 மீட்டர் புகுந்துவிடும். கடை முன்னால் நடக்க விட்ட ஐந்தடி வழியும் போச்சு, கல்லாப்பெட்டியும் போச்சு! தடத்தை இரண்டு தெருவிலும் வெளிப்பக்கமாக 3 மீட்டர் ஒதுக்கினாலும் தூணுக்கும் தடத்தின் நடுவுக்கும் 96 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். வண்டியின் பாதி அகலமே 1.2 மீட்டர். அப்படி ஒதுக்கியபடியே ஆரத்தை 18 மீட்டராகக் குறைத்தால் தப்பிக்கலாம். ஆனால் அந்த அளவுக்கு வளையும் வண்டிகள் குறைவு. சக்கரம் கீச்சிடும், தண்டவாளம் சீக்கிரம் தேயும், வண்டியின் மூக்கு எதிர்ப்பக்கக் கடையை உரசாமல் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். 1906இன் டிராம் குட்டையான ஒற்றைப் பெட்டி, அதனால் திரும்பியது. 2008இலிருந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் ஊரில் முனைக்கடையின் மூலையைச் செதுக்கவும் முடியாது.

அடுத்தது, டிராமுக்கு மட்டுமான தனித்தடம். 200 பேர் ஏறும் வண்டி ஐந்து நிமிடத்துக்கு ஒன்று ஓடினால் ஒரு திசையில் மணிக்கு 2,400 பேர் போகலாம். ஆனால் "அஞ்சே நிமிஷம்தான்" என்று காரை இரட்டை வரிசையில் நிறுத்திவிட்டு ஒருவர் தே தாரேக் (ஆற்றிய பால்தேநீர்) குடிக்கப் போனால் கணக்கு அங்கேயே கவிழும். பஸ் ஒதுங்கிப் போகும். டிராமுக்கு ஒதுங்கத் தெரியாது. தெருவில் கார் நிறுத்துவதை ஒழிக்கத் துணியாத திட்டத்தில் டிராமைச் சேர்ப்பது வீண் என்பதே என் கருத்து.

தரைக்கு அடியில் இன்னொரு தொல்லை. தண்டவாளமும் அதைத் தாங்கும் கான்கிரீட்டும் அரை மீட்டருக்கு மேல் ஆழம் கேட்கும். தடத்துக்குக் கீழே குழாய் உடைந்தால் தோண்ட வழியில்லை. ஆகவே தண்ணீர்க் குழாய், மின்கேபிள், சாக்கடை எல்லாவற்றையும் முன்னமே நகர்த்த வேண்டும். எடின்பரோவில் இந்த வேலையிலேயே கால தாமதம் தொடங்கியது. 2014இல் ஓடத் தொடங்கிய 14 கிலோமீட்டர் தடத்துக்கு 77.6 கோடி பவுண்ட் ஆனது. போதாக்குறைக்கு, டிராம் மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் திரும்பிப் போகிறது. ரப்பர் உறை சரியில்லாவிட்டால் அது மண்ணுக்குள் கசிந்து இரும்புக் குழாயை அரிக்கும். கடலோர ஈரமண்ணில் கசிவுக்குக் கேட்கவே வேண்டாம்.

மேலே பார்த்தால் தைப்பூசம். டிராம் கம்பி வழக்கமாகத் தரையிலிருந்து ஐந்தரை மீட்டர் உயரத்தில் ஓடும். பினாங்கு தெருவின் கோவில் வீட்டிலிருந்து புறப்படும் வெள்ளி ரதமும், குயின் தெரு மகா மாரியம்மன் கோவிலிலிருந்து புறப்படும் தங்க ரதமும் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போக இந்தத் தெருக்களைத் தாண்டியாக வேண்டும். மின்சாரத்தை நிறுத்தினாலும் கம்பி அங்கேயேதான் தொங்கும். இதற்கு விடை இருக்கிறது: தைவானின் காவ்சியுங்கில் கம்பியே இல்லாமல், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் ஏறி இறங்கும் சில நொடிகளில் மின்தேக்கியை (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கருவியை) நிரப்பிக்கொண்டு வண்டி ஓடுகிறது. பழைய நகருக்கு அதுதான் பொருந்தும்.

மின்தேக்கி தீர்க்காத ஒன்று தேங்காய். தெருவில் பதிக்கும் தண்டவாளத்தில் சக்கர விளிம்பு ஓடும் பள்ளம் ஏறத்தாழ 36 மில்லிமீட்டர் அகலம், 47 மில்லிமீட்டர் ஆழம். ரதத்துக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் தேங்காய் உடைபடும்போது, அந்தப் பள்ளத்தில் ஓட்டுச்சில்லு குத்தி நிற்கும்; பருப்பும் நாரும் மேலே அடைத்து இறுகும். சக்கர விளிம்பு அதன்மேல் ஏறினால், நேர்தடத்தில் ஒரு குலுக்கல், வளைவில் தடம்புரளல். தேங்காய்த் தண்ணீர் பட்ட தண்டவாளத்தில் பிரேக்கும் வழுக்கும், மணல் தூவ வேண்டும். மண்வாரியும் துடைப்பமும் சாலையின் மேலே கிடப்பதை அள்ளும். பள்ளத்தில் சிக்கியதை எடுக்க உறிஞ்சும் வண்டி வேண்டும். முதல் டிராம் கிளம்பும் முன் அது ஒருமுறை ஓடினால் போதாது, இரண்டுமுறை ஓட வேண்டும்: முதல் சுற்று நாருக்கு, இரண்டாவது ஓட்டுச்சில்லுக்கு.