எட்டுப் பேர்ச், பதினெட்டுப் பேர்ச், ஐம்பது பேர்ச்

மட்டக்களப்பில் வயல் நிலத்தை ஏக்கரிலும் வீட்டு வளவைப் பேர்ச்சிலும் பேசுவதே வழக்கம். ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச் என்பதைப் பலரும் அறிவர்; ஒரு பேர்ச் 272.25 சதுர அடி என்பதையும் காணி உறுதிகளைப் பார்த்துப் பழகியவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒழுங்கற்றதாகத் தோன்றும் அந்த 272.25 என்ற எண் 16.5 இன் வர்க்கம் என்பதை, அதாவது ஒரு பேர்ச் என்பது பதினாறரை அடிப் பக்கமுள்ள ஒரு சதுரத்தின் பரப்பு என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. சாதாரண தர மாணவர்களுக்குச் சேடுகளை, அதாவது √2 போல முழுவெண்ணாகவோ பின்னமாகவோ எழுத முடியாத மூலங்களைக் கற்பிக்கும்போது நான் பாடநூலின் முதல் உதாரணத்தை விட்டுவிட்டு இந்தச் சதுரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பதினாறரை அடியை, எழுத்து வசதிக்காக, ஒரு கோல் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 4 பேர்ச் சதுரக் காணியின் பக்கம் 2 கோல், 9 பேர்ச் காணியின் பக்கம் 3 கோல், 8 பேர்ச் காணியின் பக்கம் √8 கோல். முதல் இரண்டையும் கேட்டு அமைதியாக இருக்கும் வகுப்பு மூன்றாவதைக் கேட்டதும் கல்குலேட்டரைத் தேடத் தொடங்கும். அதைப் பையிலேயே வைக்கச் சொல்லிவிட்டு ஒரு படம் வரையச் சொல்வேன். 2 பேர்ச் சதுரங்கள் நான்கை, வரிசைக்கு இரண்டாக இரண்டு வரிசையில் அடுக்கினால் வருவதும் 8 பேர்ச் சதுரமே. சிறிய சதுரத்தின் பக்கம் √2 கோல். ஆகவே பெரியதன் பக்கம் அதன் இருமடங்கு. √8 = √(4 × 2) = 2√2 என்று கொப்பியில் ஒரே வரியில் எழுதப்படுவது இந்தப் படத்தைத்தான். அதேபோல 18 பேர்ச் சதுரத்தில் 2 பேர்ச் சதுரங்கள் ஒன்பது, மூன்றுக்கு மூன்றாக அமைகின்றன; எனவே √18 = 3√2. ஆனால் 10 பேர்ச் சதுரத்தை, ஒவ்வொன்றும் முழுவெண் பேர்ச் கொண்ட சம சதுரங்களாக இப்படிப் பிரிக்க வழியில்லை, ஏனெனில் 2 × 5 என்ற அதன் காரணிகளுக்குள் 1 ஐத் தவிர வேறு நிறைவர்க்கம் (4, 9 போல ஒரு முழுவெண்ணின் வர்க்கம்) எதுவும் இல்லை. √10 ஐச் சுருக்க முடியாது என்று நாம் சொல்வதன் பொருள் அவ்வளவே.

இதை வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. சுருக்குதல் என்பது விடையை அழகாக எழுதும் ஒரு சடங்கு என்றும், செய்யாவிட்டால் பரீட்சையில் புள்ளி குறையும் என்பதைத் தவிர அதற்கு வேறு நோக்கமில்லை என்றும் மாணவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது எண்களுக்கிடையே மறைந்திருக்கும் உறவை வெளியே கொண்டுவரும் செயல். √8, √18 ஆகிய இரண்டையும் அப்படியே பார்த்தால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போல் தோன்றும். 2√2, 3√2 என்று எழுதியவுடன் இரண்டும் ஒரே அடிநீளத்தின் மடங்குகள் என்பது தெரிந்துவிடுகிறது.

இந்த உறவு தெரியாதபோது நிகழும் வழுவை எந்த வகுப்பிலும் காணலாம்: √8 + √18 = √26. எட்டும் பதினெட்டும் இருபத்தாறுதானே என்று வாதிடும் மாணவரிடம், வீதியோரத்தில் 8 பேர்ச் சதுரக் காணியும் 18 பேர்ச் சதுரக் காணியும் அருகருகே கிடப்பதாக எண்ணிக்கொண்டு, வீதியை ஒட்டிய வேலியின் நீளத்தைக் காணச் சொல்வேன். பரப்புகளின் கூட்டுத்தொகை 26 பேர்ச் என்பது சரி. ஆனால் வேலி செல்வது பரப்பின் வழியே அன்று, பக்கங்களின் வழியே. அது 2√2 + 3√2 = 5√2 கோல், அதாவது √50 கோல்; ஏறத்தாழ 116.7 அடி. √26 என்று கணக்கிட்டால் 84.1 அடிதான் வரும், அந்த அளவுக்குக் கம்பி வாங்கினால் முப்பதடிக்கு மேல் வெறுமையாகக் கிடக்கும். இரண்டு காணிகளின் முகப்பும் சேர்ந்து ஒரு 50 பேர்ச் சதுரக் காணியின் முகப்புக்குச் சமம் என்பதுதான் எனக்கு இக்கணக்கில் மிகவும் பிடித்த இடம்.

தசமத்தில் செய்தால் என்ன குறை என்று கேட்பவர்களும் உண்டு. 2.83 ஐயும் 4.24 ஐயும் கூட்டினால் 7.07 என வரும். வேலிக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் அந்த 7.07 இலிருந்து √50 ஐ யாரும் அடையாளம் காணப் போவதில்லை. பெருக்கலில் இது இன்னும் தெளிவாகிறது: √8 × √18 = √144 = 12 என்பது மிகச் சரியான விடை, ஆனால் 2.83 × 4.24 தருவதோ 11.9992. ஒரு நீண்ட கணக்கின் நடுவில் இப்படிக் கிட்டிய பெறுமானத்தைப் புகுத்துவோர் முடிவில் எந்தத் தசமதானம் வரை நம்பலாம் என்பதை அறியாமலே விடை எழுதுகிறார்கள்.

பெரிய எண்களுக்கு முதன்மைக் காரணிகளாகப் பிரிக்கும் வழியையே பரிந்துரைக்கிறேன். √1452 ஐ எடுத்துக்கொண்டால், 4 ஆல் வகுபடுவதைக் கண்டு 2√363 என்று எழுதிவிட்டு நின்றுவிடுவோர் பலர். 1452 = 2² × 3 × 11² என்று முழுமையாகப் பிரித்தால், சோடியாக உள்ளவை வெளியே வர, தனித்த 3 மட்டும் உள்ளே தங்கி 22√3 கிடைக்கிறது.

பகுதியெண்ணில் சேடு இருக்கக் கூடாது என்ற விதியை நான் அவ்வளவு புனிதமாகக் கருதுவதில்லை. கணிகருவி இல்லாத காலத்தில் 1 ஐ 1.41421356 ஆல் வகுப்பது பெரும் வேலை, ஆனால் 1.41421356 ஐ 2 ஆல் வகுப்பது மனக்கணக்கு. எனவே 1/√2 ஐ √2/2 என்று மாற்றுவதில் பயன் வெளிப்படையாக இருந்தது. 1/(√5 − √3) ஐ (√5 + √3)/2 என்று எழுதுவதும் அத்தகையதே. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கச் செல்வோர் இதன் மறுபக்கத்தைக் காண்பார்கள். (√(க + 4) − 2)/க என்ற கோவையில் க பூச்சியத்தை அணுகும்போது, தொகுதியெண்ணிலுள்ள சேட்டை நீக்கினால் அது 1/(√(க + 4) + 2) ஆகி, எல்லை 1/4 என்பது கண்முன்னே தெரியும். அங்கே சேடு வேண்டுமென்றே பகுதிக்கு அனுப்பப்படுகிறது.

எண்ணுக்குப் பதில் எழுத்து வரும்போது கவனம் இருமடங்கு வேண்டும். √(க²) = க என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவோர், க = −3 எனப் பிரதியிட்டுப் பார்த்தால் இடப்பக்கம் 3 உம் வலப்பக்கம் −3 உம் வருவதைக் காண்பார்கள்; சரியான விடை |க|, அதாவது குறியை நீக்கிய பெறுமானம். இரு மூலங்களைப் பெருக்கி ஒரே மூலத்துக்குள் எழுதும் விதியும் மறையல்லாத எண்களுக்கே உரியது. √(−2) × √(−8) ஐ √16 என்று எழுதி 4 என்போர், மறை எண்களுக்கும் வர்க்கமூலம் தரும் சிக்கலெண்களில் அதன் விடை −4 என்பதைக் கண்டு திகைப்பது இந்த நிபந்தனையை மறப்பதனால்தான்.

மூலக்குறியின் மேற்கோடு எதுவரை நீள்கிறது என்பதிலும் மாணவர்கள் அசட்டையாக இருக்கிறார்கள். 9 இன் மேல் மட்டும் கோடு நின்றால் √9 + 16 = 19; 16 ஐயும் மூடினால் விடை 5. 1525 இல் ஜேர்மன் மொழிக் கணித நூலொன்றில் கணிதவியலாளர் றூடொல்ப் இக்குறியை அச்சேற்றியபோது அதற்கு மேற்கோடு இருக்கவில்லை; 1637 இல் பிரெஞ்சு மெய்யியலாளரும் கணிதவியலாளருமான தேக்காட் அதை இணைத்தார். அந்தக் கோடு ஓர் அடைப்புக்குறியின் வேலையைச் செய்கிறது.

காணிகளுக்கே திரும்பினால், 2 பேர்ச் சதுரமும் 3 பேர்ச் சதுரமும் அருகருகே இருக்கும்போது முகப்பு √2 + √3 கோல். இதற்கு மேல் கூட்ட முடியாது. ஆனால் அந்த முகப்பை ஒரு பக்கமாகக் கொண்ட சதுரத்தின் பரப்பு 5 + 2√6 பேர்ச்; ஆகவே மூலத்துக்குள் மூலமாகத் தோன்றும் √(5 + 2√6), கூட்டினால் 5 உம் பெருக்கினால் 6 உம் வரும் இரண்டு எண்களைத் தேடியதும் √2 + √3 என்று பிரிந்துவிடுகிறது. √(5 + √6) இப்படிப் பிரியாது. முதலாவதில் 2√6 ஐ √24 என எழுதி, 5 இன் வர்க்கமான 25 இலிருந்து 24 ஐக் கழித்தால், தேடும் இரு எண்களின் வித்தியாசத்தின் வர்க்கம் கிடைக்கிறது; அது 1 என்ற நிறைவர்க்கம். இரண்டாவதில் 25 இலிருந்து 6 ஐக் கழித்தால் வருவது 19; அது நிறைவர்க்கம் அன்று.