குடல், ஈரல் நோய்ப் பயிற்சி: ஸ்கோப்பைத் தொடுமுன்னும் கழுவி வைத்த பின்னும்

எம்.டி. மருத்துவம் செய்துகொண்டு, அடுத்து குடல், ஈரல் துறைக்குப் போகலாமா என்று யோசிக்கிற நம் பகுதித் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறோம். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்து மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை வார்ட்களில் இரவு பகலாக நின்றவர்களுக்கு இரத்த வாந்தியும் வயிற்றில் நீர் கட்டுவதும் புதிதல்ல. பயிற்சிக்குள் வந்த பிறகு எதை எந்த வரிசையில் பிடிப்பது என்பதில்தான் தடுமாற்றம் வரும்.

பாதை தெரிந்ததுதான். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகமான பி.ஜி.ஐ.எம். நடத்தும் தெரிவுப் பரீட்சை, றெஜிஸ்ட்ரார் காலம், எம்.டி. இறுதிப் பரீட்சை, அதன்பின் சீனியர் றெஜிஸ்ட்ரார், வெளிநாட்டுப் பயிற்சி, கடைசியில் நிபுணராக ஏற்கும் போர்ட் சான்றுக்கான மதிப்பீடு. இதில் ஆட்கள் மாதக்கணக்கில் சிக்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு: பெயர். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டல், பட்டச் சான்றிதழில் இன்னொன்று, கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னால், மருத்துவ சபைப் பதிவில் வெறும் முதலெழுத்து. இங்கிலாந்தின் பொது மருத்துவ சபை, பட்டத்தை எபிக் என்ற சான்று சரிபார்ப்புச் சேவை வழியாக உறுதிப்படுத்தக் கேட்கும்போது இந்த வித்தியாசம் முழுவதும் மேலே வரும். சத்தியக்கடதாசியையும் திருத்தங்களையும் றெஜிஸ்ட்ரார் காலத்திலேயே முடித்துவிடுங்கள். ஆங்கிலப் பரீட்சையை மட்டும் அவசரப்பட்டு எழுத வேண்டாம். ஐ.ஈ.எல்.டி.எஸ். என்றால் மொத்தம் 7.5, ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 7.0, எல்லாம் ஒரே அமர்வில் வேண்டும். அந்தப் பெறுபேறு 2 வருடத்தில் காலாவதியாகிவிடும். நன்னடத்தைச் சான்றின் ஆயுள் 3 மாதம்தான். அதைக் கடைசியாக எடுங்கள்.

இனி கை வேலை: நுனியில் கமெரா உள்ள குழாயான ஸ்கோப்பைக் கையாள்வது. முதல் மாதத்தில் எல்லாருக்கும் வலது கையில்தான் கவனம். உண்மையில் வேலை செய்வது இடது கை. பெரிய சக்கரம் மேல் கீழ், சின்னச் சக்கரம் இடம் வலம். பெருவிரல் பெரிய சக்கரத்தை விட்டு நகரக்கூடாது. சுட்டுவிரல் உறிஞ்சும் பொத்தானில், நடுவிரல் காற்று, தண்ணீர்ப் பொத்தானில். அதன் துளையை மூடினால் காற்று, அழுத்தினால் தண்ணீர். பக்கவாட்டுக்குச் சின்னச் சக்கரத்தைத் தேடாமல், மணிக்கட்டையும் உடம்பையும் திருப்பி ஸ்கோப்பையே முறுக்கப் பழகுங்கள். வெட்டுப்பல்லிலிருந்து ஏறத்தாழ 40 செ.மீ. உள்ளே போனால் உணவுக்குழாயும் இரைப்பையும் சந்திக்கும் இடம். திரை சிவப்பாகிவிட்டால் நுனி சுவரில் முட்டி நிற்கிறது. தள்ளாதீர்கள், கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக் காற்று விடுங்கள். பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொல்லும் சொல் 'இழு' என்பதுதான்.

ஸ்கோப் பழுதாவதற்கு அடிக்கடி வரும் காரணமும் நம் கைதான். நுனி மடங்கியிருக்கையில் சதைத் துண்டு எடுக்கும் பயொப்சி இடுக்கியையோ ஊசியையோ பலவந்தமாகத் தள்ளினால் உள்குழாய் கிழியும், நீர் உள்ளே புகும். நுனியை நேராக்கி, இடுக்கியை உள்ளே விட்டு, பிறகு மடக்குங்கள். ஸ்கோப் வெளியே வந்த உடனே, கட்டிலருகிலேயே நொதிக் கரைசலை உறிஞ்சவிட வேண்டும். காய்ந்துவிட்டால் எந்தக் கிருமிநாசினியும் உள்ளே சரியாக வேலை செய்யாது. அதன்பின் கசிவுப் பரிசோதனை, தூரிகையால் கழுவல், 2 சதவீதக் குளுட்டரால்டிஹைட் என்றால் 20 நிமிடம். எண்டோஸ்கோபி அறைத் தாதி மிஸ்மாரோடு நின்று இதை ஒரு வாரமாவது சொந்தக் கையால் செய்யுங்கள். இதைச் செய்யாத பயிலுநருக்கு கருவியின் அருமை தெரியாது.

இரத்த வாந்தி இரவு. இதில்தான் ஒரு பயிலுநர் உருவாகிறார் என்பது எங்கள் உறுதியான எண்ணம். மதுவால் ஈரல் சுருங்கியவர், ஒரு வாளி இரத்தம் கக்கினார் என்று வீட்டுக்காரர் சொல்கிறார், கை சில்லிட்டிருக்கிறது. எல்லாரும் 'ஸ்கோப் எப்போது' என்று கேட்பார்கள். அதற்கு முன் செய்ய வேண்டியது நிறைய. இரண்டு முழங்கை மடிப்பிலும் பெரிய கனுலா, 16 கேஜ் கிடைத்தால் நல்லது. இரத்த வங்கிக்கு மாதிரி. ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போனால் இரத்தம் ஏற்றுங்கள், 7க்கும் 8க்கும் இடையில் வைத்திருங்கள். அள்ளி ஏற்றினால் ஈரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் வாயில் நாளத்தில் அழுத்தம் கூடி, உணவுக்குழாயில் வீங்கிய நாளம் மறுபடி திறக்கும். அளவோடு ஏற்றியவர்களே கூடுதலாகப் பிழைத்தார்கள் என்று 2013இல் வெளியான பார்சலோனா ஆய்வும் காட்டியது. நாள வீக்கம் என்று சந்தேகம் வந்தால் ஸ்கோப்புக்குக் காத்திராமல், அந்த அழுத்தத்தைக் குறைக்கும் டெர்லிப்ரெசின் 2 மி.கி. கொடுங்கள், ஆனால் முதலில் ஈசிஜி பாருங்கள். இதய நோயாளிக்கு அந்த மருந்து ஆகாது, ஒக்ட்ரியோடைட்டுக்கு மாறுங்கள். கூடவே கிருமிக்கொல்லியான செஃப்ட்ரியாக்சோன் 1 கிராம். இதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள், இந்த நோயாளிகளின் உயிரைக் கிருமித்தொற்று எடுத்துவிடும். ஸ்கோப்புக்கு அரை மணிக்கு முன் எரித்ரோமைசின் 250 மி.கி. நாளத்தில் கொடுத்தால் இரைப்பையிலுள்ள கட்டி இரத்தம் இறங்கிப் பார்வை தெளியும்.

ஆள் மயக்கமாக, பேச்சுக் குழறினால் மயக்க மருந்து வைத்தியரை அழைத்து மூச்சுக்குழாய்க்கு ட்யூப் போட்ட பிறகே ஸ்கோப். இதில் சமரசமே வேண்டாம். மூச்சுக்குழாய்க்குள் இரத்தம் போய்விட்டால் எவ்வளவு திறமாகப் பாண்டிங், அதாவது வீங்கிய நாளத்துக்கு ரப்பர் வளையம், போட்டும் பயனில்லை. இரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு 12 மணித்தியாலத்துக்குள் உள்ளே போங்கள். வளையத்தைக் கீழிருந்து, சந்தியிலிருந்து, சுழலாக மேலே ஏற்றுங்கள். மேலிருந்து தொடங்கினால் போட்ட வளையமே கீழே போகும் வழியை மறைக்கும். நாளத்தை முழுவதும் உறிஞ்சித் திரை சிவந்தபின் வளையத்தை விடுங்கள். அரைகுறையாக உறிஞ்சிய வளையம் சீக்கிரமே கழன்று விழும்.

ஸ்கோப் செய்ய வழியில்லாத இடத்தில், பலூனால் அழுத்தி இரத்தத்தை நிறுத்தும் செங்ஸ்டேக்கன் குழாய். இரைப்பைப் பலூனில் முதலில் 50 மி.லி. காற்று, எக்ஸ்றே, சரியான இடத்தில் இருந்தால் மாத்திரம் 250 மி.லி. உணவுக்குழாய்க்குள் வைத்து ஊதிவிட்டால் அது கிழியும். 24 மணித்தியாலத்துக்கு மேல் ஊதி வைக்கக்கூடாது.

வயிற்றில் நீர் கட்டி வருகிற ஒவ்வொருவருக்கும் அனுமதித்த அன்றே ஊசி போட்டு நீர் எடுங்கள், காய்ச்சல் இல்லாவிட்டாலும். நியூட்ரோஃபில் எனும் வெள்ளணு ஒரு கன மி.மீ.க்கு 250ஐத் தொட்டால் தொற்று. கல்ச்சர் போத்தலைக் கட்டிலருகிலேயே நிரப்புங்கள். 5 லீற்றருக்கு மேல் வடித்தால் லீற்றருக்கு 8 கிராம் அல்பியூமின் எனும் இரத்தப் புரதம் ஏற்றுங்கள். 6 லீற்றருக்கு 48 கிராம், அதாவது 20 சதவீத 100 மி.லி. போத்தல் ஏறத்தாழ இரண்டரை. போத்தல் குறைவு என்று வார்டில் சொன்னால் குறைத்து வடியுங்கள். அல்பியூமினைக் குறைத்து நீரைக் கூட்டினால் சிறுநீரகம் படுத்துவிடும்.

வேளாண்மை வெட்டுக் காலத்தில் மஞ்சள் கண்ணோடு வருகிற ஆளை நேரே ஈரல் நோயாளி என்று எழுதிவிடாதீர்கள். செங்கண்மாரிக்கு நாட்டுமருந்து குடித்துவிட்டு வந்திருப்பார். பிலிருபின் மிக உயர்ந்து, ஈரல் நொதி கொஞ்சமாகத்தான் ஏறி, கிரியாட்டினினும் கூடி, கெண்டைக்கால் தசையைத் தொட்டாலே துடித்தால், அது எலிக்காய்ச்சல். முடிவு வரும்வரை காத்திராமல் மருந்தைத் தொடங்குங்கள். அதேபோல 'கஸ்ரைட்டிஸ் சேர்' என்று நெஞ்சைத் தடவுகிற 50 வயதுக்காரருக்கு முதலில் ஈசிஜி, மாரடைப்பாக இருக்கலாம்.

பெருங்குடல் ஸ்கோப் பழகுவதில் பாதித் தோல்வி முதல்நாள் வீட்டிலேயே நடக்கிறது. அச்சடித்த தாளில் 'நார் குறைந்த உணவு' என்று இருக்கும், யாருக்கும் விளங்காது. முருங்கைக்கீரை, குரக்கன், சிவப்பரிசி, கொய்யாப்பழம் வேண்டாம், வெள்ளைச் சோறும் தயிரும் சாப்பிடலாம், கடைசி நாள் பிளேன்ரீ, இளநீர், தெளிந்த சூப் மட்டும், சிவப்புச் சோடா கூடவே கூடாது என்று வாயால் சொல்லுங்கள். சிறுநீரக நோயாளிக்கு இளநீரைத் தவிருங்கள். பேதி மருந்தின் இரண்டாம் பாதி பரிசோதனைக்கு 4 முதல் 6 மணித்தியாலம் முன் தொடங்க வேண்டும். பொத்துவிலிலிருந்தோ வாகரையிலிருந்தோ அதைக் குடித்துவிட்டு அம்மா பஸ் ஏற முடியுமா? முதல்நாளே வார்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். நோன்பு மாதத்தில் அவசரமில்லாததைப் பெருநாளுக்குப் பிறகு வையுங்கள். உள்ளே போகும்போது பெருங்குடலின் எஸ் வளைவில் ஸ்கோப் சுருண்டால் தள்ளத் தள்ள வலிதான் கூடும். பின்னுக்கு இழுத்து, வலப்பக்கம் முறுக்கி நேராக்குங்கள். நேரான ஸ்கோப், பெருங்குடலின் தொடக்கமான சீக்கத்தில் 70 முதல் 80 செ.மீ. காட்டும். குடல்வால் துளையைப் படம் எடுக்காமல் 'சீக்கம் வரை' என்று எழுதாதீர்கள். வெளியே வரும்போது குறைந்தது 6 நிமிடம் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

பயிற்சிப் பதிவேட்டை அன்றன்றைக்கே நிரப்புங்கள்: திகதி, காரணம், எதுவரை போனது, தனியாகவா உதவியுடனா, என்ன சிக்கல். மாதக்கடைசியில் நினைவிலிருந்து எழுதும் ஆள் சிக்கல்களை மறந்துவிடுவார், மதிப்பீட்டில் கேட்பது அதைத்தான்.

பாண்டிங் ஒரு தடவையில் முடிவதில்லை. 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு தடவை, நாளம் முற்றாக மறையும்வரை. முதல் தடவை பிழைத்துப்போன எத்தனையோ பேர் இரண்டாம் தடவைக்கு வருவதில்லை. அறுவடையோ கோயில் திருவிழாவோ குறுக்கே வந்துவிடும். நோயாளியின் வார்ட் பதிவான டிக்கெட்டை மூடுமுன் நோயாளியிடமும் மனைவியிடமும் கேட்டு, அவர்களால் வரக்கூடிய திகதியைக் குறியுங்கள். கிளினிக் கொப்பியில் தமிழில் பெரிதாக எழுதுங்கள், பக்கத்து வீட்டுத் தொலைபேசி இலக்கமும் வாங்குங்கள். நாள அழுத்தத்தைக் குறைக்கும் கார்வெடிலோல் 6.25 மி.கி. தொடங்கிய அன்றே நாடியும் அழுத்தமும் குறியுங்கள். ஒரு கிழமை, இரண்டு கிழமை கழித்து வளையம் விழுந்த புண்ணிலிருந்து இரத்தம் வரலாம், மலம் தார்போலப் போனால் கிளினிக் நாள் வரும்வரை பார்க்காமல் அன்றிரவே வரச் சொல்லுங்கள்.